கடற்காற்றில் நிற்கும் பெயர்ப்பலகை



பழைய கடைத்தெருக்களில் இன்னும் சில எனாமல் பலகைகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடித் தூளைப் பூசி, ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சூளையிலிட்டு உருக்கி ஒட்டவைத்த பலகைகள் அவை. அவற்றின் நீலமும் மஞ்சளும் நேற்றுத் தீட்டியவை போல இருக்கும். ஆனால் ஆணி அடித்த மூலைகளைக் கவனியுங்கள். அங்கே எனாமல் தெறித்துப் போயிருக்கும். துளையைச் சுற்றித் துரு படர்ந்து, தகடு இற்றிருக்கும். முகம் மங்காமலே பலகை விழுந்துவிடுகிறது. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளின் சாரம் பெரும்பாலும் அந்த ஆணித் துளைகளில் அடங்கியிருக்கிறது என்று சொல்லலாம்.

புரோத்ராபூரில் சாலையோரமாக ஒரு மளிகைக் கடை திறக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் உள்ள உறவினர் ஒருவர், தம் கடைக்குச் செய்தது போன்ற பலகையையே செய்துகொள்ளும்படி யோசனை சொல்லுகிறார். வெயிலைப் பொறுத்தமட்டில் அவர் சொல்வதில் பிழையில்லை. நம் தீவுத் தலைநகரும் தமிழ்நாட்டுச் சேலமும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருப்பவை. சூரியன் இரண்டு ஊரையும் ஒன்றுபோலவே காய்கிறான். வேறுபாடு மழையிலும் உப்பிலும் இருக்கிறது. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை என்றால், இங்கே சுமார் 3,000 மில்லிமீட்டர். கடலோ சில கிலோமீட்டர் தூரத்தில்தான்.

உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்தைத் தாண்டினால், அது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவதும் இதனால்தான். நம் ஊரில் பெரும்பாலான நாட்களில் இரவுக் காற்று அந்த அளவைத் தாண்டியே இருக்கிறது. ஆகவே ஒரு துளி மழை பெய்யாத நாளிலும், உப்புப் படிந்த இரும்பு இரவெல்லாம் நனைந்தே கிடக்கிறது. இரும்பை உப்புநீரில் ஊறப்போட்டதற்கும் இதற்கும் பெரிய பேதம் இல்லை. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் அரிப்பின் காரணமாக 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்த நேர்ந்ததும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் கான்கிரீட்டில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை வைத்ததும் இந்தப் பகையை நினைத்தே.

இங்கே பலரும் எதிர்பாராத ஒரு செய்தி உண்டு. பலகையின் முகம் மழையில் நனைகிறது. அதனால் உப்பும் கழுவிப் போகிறது. பலகையின் முதுகும், அதைத் தாங்கும் சட்டமும், தாழ்வாரத்தின் அடியில் மறைந்த பகுதியும் மழையைக் காண்பதேயில்லை. அங்கே உப்பு மாதக்கணக்கில் சேருகிறது. மழைக்கு மறைவாக மாட்டினால் நீடித்து உழைக்கும் என்று எண்ணுவது உலோகத்தைப் பொறுத்தமட்டில் பெரும்பாலும் தவறு. நாம் பணத்தைச் செலவழிப்பதோ முகத்தில். பலகை அழிவதோ முதுகில்.

ஆகையால் முதலில் சட்டத்தைப் பற்றிப் பேசுவோம். சாதாரண இரும்புக் கோணச் சட்டத்தில் ஒரு பூச்சுச் சாயம் அடித்துவிட்டால் போதாது. உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த சட்டமாக இருக்க வேண்டும். அந்தத் துத்தநாகப் பூச்சு பொதுவாக 50 மைக்ரானுக்கு மேல் தடித்திருக்கும். இரும்பு அரிபடுவதற்கு முன் துத்தநாகம் தன்னையே கொடுத்து அதைக் காக்கும். கடையில் பளபளவென்று கிடைக்கும் மின்முலாம் பூசிய திருகாணிகளில் இருப்பது சில மைக்ரான்களே. முக்கியெடுத்த சட்டத்தில் பிறகு துளையிட்டாலோ பற்றவைத்தாலோ அந்த இடம் அம்மணமாகிவிடுகிறது. எல்லாத் துளைகளையும் முன்கூட்டியே போட்டுவிட்டு, அதன்பின் முக்கச் சொல்ல வேண்டும். பட்டறைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

அடுத்தது உலோகங்களின் சேர்க்கை. உப்புநீரின் நடுவே இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு சிறிய மின்கலம். இரண்டில் ஒன்று கரையத்தான் செய்யும். அலுமினியப் பலகையின்மேல் பித்தளை எழுத்துக்களைப் பதிப்பது கண்ணுக்கு அழகு. ஆனால் எழுத்து நிலைத்திருக்க, அதன் அடியில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். அலுமினியத் தகட்டைத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியால் பிணைக்கலாம். இடையே நைலான் வளையம் போட்டு இரண்டும் தொடாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

துருப்பிடிக்காத எஃகு என்று சொன்னோம். அதிலும் சாதி உண்டு. கடைகளில் அதிகமாகக் கிடைப்பது 202, 304 என்ற வகைகள். கடலோரத்துக்கு ஏற்றது 316. அதில் இரண்டு முதல் மூன்று சதவிகிதம் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பை எதிர்க்கும் சக்தி அதிகம். காந்தம் ஒட்டவில்லை என்று காட்டி, "இது நல்ல எஃகு" என்று விற்பவரை நம்பிவிட வேண்டாம். 202-லும் காந்தம் ஒட்டாது. பலகை முழுவதையும் 316-இல் செய்வது நம் போன்ற கடைக்காரருக்குக் கட்டுப்படியாகாது. திருகாணிகளை மட்டும் அந்த வகையில் வாங்கலாம். எண்ணிப் பார்த்தால் இருபதோ முப்பதோதான்.

இப்போது எங்கும் காண்பது ஏ.சி.பி. எனப்படும் பலகை. இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பாலிஎத்திலீன் வைத்து அழுத்தியது. வெளிச்சுவருக்கு பி.வி.டி.எப். பூச்சுள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். பாலியெஸ்டர் பூச்சு உட்புறத்துக்கே பொருந்தும். வெட்டிய ஓரங்களைத் திறந்தபடி விட்டால் ஈரம் புகுந்து தகடு பிரியும். ஆகவே ஓரங்களைப் பின்புறமாக மடித்துப் பொருத்துவது நல்லது. நடுவில் இருப்பது எரியக்கூடிய பொருள் என்பதால், மின்விளக்குக் கம்பிகளை அதன் பின்னே கண்டபடி விடக் கூடாது.

அக்ரிலிக் எழுத்துக்கள் வெயிலை நன்றாகத் தாங்குகின்றன. பாலிகார்பனேட்டைப் போல எளிதில் மஞ்சளிப்பதில்லை. ஆனால் அவை வெப்பத்தில் நீளும். ஒரு மீட்டர் தகடு 30 டிகிரி வெப்ப வேறுபாட்டில் சுமார் இரண்டு மில்லிமீட்டர் நீளுகிறது. மூன்று மீட்டர் பலகை ஆறு மில்லிமீட்டர். துளையைத் திருகாணியின் அளவுக்கே போட்டு இறுக்கிவிட்டால் அந்த நீட்சிக்கு இடமில்லாமல் போகும். விரிசல் துளையிலிருந்தே புறப்படும். மறுபடியும் துளைதான், பாருங்கள்.

மரத்தை விரும்புவோர் உண்டு. நம் தீவின் படாக் மரம் கறையானுக்கும் மக்கலுக்கும் எளிதில் பணியாது. ஆனால் 1883-இல் தொடங்கிய சாத்தம் மர ஆலையின் பழைய நாட்களைப்போல அது தாராளமாகக் கிடைப்பதில்லை. 2002-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைக்குப் பின் மரம் வெட்டுவதற்குக் கட்டுப்பாடு மிகுதி. பழைய வீட்டுக் கதவுப் பலகை கையில் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். பிளெக்ஸ் துணியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். திறப்பு விழாவுக்கு அது போதும்.

கண்ணாடிச் சன்னலில் ஒட்டும் எழுத்துக்களுக்கு வழி எளிது. வெளிப்புறத்தில் ஒட்டாமல், எழுத்தைத் தலைகீழ் பிம்பமாக வெட்டி உட்புறத்தில் ஒட்டிவிட்டால், மழைக்கும் உப்புக்கும் கண்ணாடியே கேடயமாகிறது. ஒட்டுமுன் கண்ணாடியைச் சோப்பு நீரால் கழுவி உலர்த்த வேண்டும்; மெல்லிய உப்புப் படலம் கண்ணுக்குத் தெரியாது, பசைக்குத் தெரியும். பகலில் கண்ணாடி தெருவைப் பிரதிபலிப்பதால் கறுப்பு எழுத்து மறைந்துவிடும். வெள்ளையோ மஞ்சளோ எடுப்பாக இருக்கும். வர்ணம் என்றதும் இன்னொன்று: பளிச்சென்ற சிவப்புகள் பல வெயிலில் முதலில் வெளுப்பவை. கடையின் பெயர் கறுப்பாய் நின்றிருக்க, "தள்ளுபடி" என்ற சிவப்புச் சொல் மட்டும் காணாமற் போன பலகைகளை எத்தனையோ பார்க்கலாம். கடைக்காரருக்கு அதில் வருத்தமிராது என்பது வேறு விஷயம். நிலைக்க வேண்டிய சிவப்புக்குக் காவிக்கல்லின் இரும்பாக்சைடு நிறமே உத்தமம்.

காற்றையும் மறக்கலாகாது. 2013 நவம்பரில் லெஹர் புயல் நம் தலைநகருக்கு அருகிலேயே கரை கடந்தது. 2024 மே மாதம் மும்பை காட்கோபரில் பெரிய விளம்பரப் பலகை சாய்ந்து பதினேழு பேர் மாண்டனர். நம் பலகை அவ்வளவு பெரிதன்று. ஆனால் இற்றுப்போன இரண்டு திருகாணிகளில் தொங்கும் பத்தடித் தகட்டின் கீழேதான் பள்ளிப் பிள்ளைகள் மழைக்கு ஒதுங்கி நிற்கிறார்கள்.

2024 செப்டம்பரில் போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. எத்தனையோ பலகைகளில் விலாசம் பழையதாகிவிட்டது. விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும் தனியான ஒரு பட்டைத் தகட்டில் எழுதி வைத்திருந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். கப்பலில் வந்திறங்கும் ஒவ்வொரு தகடும் நமக்கு விலை கூடுதல் அல்லவா?

கடைசியாக ஒரு வேலை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. உப்பு முகத்திலும் முதுகிலும் ஒருசேரப் படிகிறது. அம்மாதங்களில் மாதமொருமுறை ஏணி வைத்து ஏறி, நல்ல தண்ணீரால் பலகையின் பின்புறத்தையும் திருகாணித் தலைகளையும் கழுவிவிட வேண்டும். கோடையில் தண்ணீர் அருமை என்பதை அறிவோம். காய்கறி அலசிய நீரே போதும். ஒரு வாளி தாராளம்.