‘தேஸா’வைத் திரையிடுவது ஏன்?

(திரையிடலுக்கு முன் நிகழ்த்திய உரை)

சோசலிசத்தின் பெயரால் நடந்த ஓர் ஆட்சியைச் சாடும் படத்தை நாமே திரையிடலாமா என்று சில தோழர்கள் கேட்டனர். நியாயமான கேள்வி. அதற்கு விடை, படத்தை எடுத்தவரின் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

ஹைலே கெரிமா 1946இல் எத்தியோப்பியாவின் கோண்டர் நகரில் பிறந்தவர். தந்தை, ஊர் ஊராகச் சென்று நாடகம் நடத்தியவர். நடிப்புப் பயில 1967இல் சிகாகோ சென்ற கெரிமா, 1970இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் திரைக்கல்விக்கு மாறினார். ஹாலிவுட்டின் வாசலில் நின்றே ஹாலிவுட்டை மறுத்த கறுப்பின மாணவர் தலைமுறை அது. சார்லஸ் பர்னெட்டும் ஜூலி டேஷும் அந்தத் தலைமுறையினரே.

1974இல் பேரரசர் ஹைலே செலாசி வீழ்ந்தார். அந்தக் கொந்தளிப்பான நாட்களில் தாயகம் சென்ற கெரிமா, ‘அறுவடை: 3000 ஆண்டுகள்’ என்னும் கறுப்பு வெள்ளைப் படத்தைச் சில வாரங்களில் எடுத்து முடித்தார். குடியானவக் குடும்பம் உழைக்கிறது. நிலப்பிரபு அமர்ந்தபடி ஏவுகிறான். நிலத்தைப் பறிகொடுத்த கெபெபேயை ஊரார் பித்தன் என்கின்றனர். நிலப்பிரபுவை அடித்து வீழ்த்துபவன் அவனே. ‘உழுபவனுக்கே நிலம்’ என்பது எத்தியோப்பிய மாணவர்கள் 1965இலேயே எழுப்பிய முழக்கம். மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு அங்கே வேலையே இல்லை.

1975 முதல் வாஷிங்டனின் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் திரைப்படம் கற்பித்தார். அடிமை வாணிபத்தைப் பற்றிய ‘சங்கோஃபா’ 1993இல் பெர்லின் விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. ஆயினும் அமெரிக்க விநியோக நிறுவனங்கள் அதைத் தீண்டவில்லை. கெரிமாவும் அவர் மனைவி ஷிரிகியானா ஐனாவும் அரங்கை வாடகைக்கு எடுத்தனர். கறுப்பின மக்களின் அமைப்புகளைத் துணைகொண்டு நகரம் நகரமாகப் படத்தை எடுத்துச் சென்றனர். மக்கள் திரண்டனர். பின்னர் பல்கலைக்கழகத்துக்கு எதிரே அதே பெயரில் ஒரு புத்தகக் கடையும் திறந்தனர். சந்தா நோட்டும் இதழ்க் கட்டுமாய்த் தெருத்தெருவாக அலையும் நம் தோழர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

இத்தகைய மனிதர் எடுத்த படமே ‘தேஸா’. அம்ஹாரிக் மொழியில் பனித்துளி என்று பொருள். 2008இல் வெனிஸ் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்றது. ஜெர்மனியில் மருத்துவம் பயின்ற அன்பெர்பெர், புரட்சிக்குத் தொண்டாற்றும் கனவோடு நாடு திரும்புகிறான். அங்கே இருப்பது மெங்கிஸ்துவின் இராணுவ ஆட்சி. அவன் நண்பன் கொல்லப்படுகிறான். அவனோ, மீண்டும் சென்ற ஜெர்மனியில் நிறவெறியர் தாக்கி ஒரு காலை இழக்கிறான். ஊர் திரும்பினால், கட்டாய இராணுவச் சேர்ப்புக்கு அஞ்சிச் சிறுவர்கள் குகையில் ஒளிந்திருக்கின்றனர்.

தோழர்களே, 1975இல் நிலவுடைமையை ஒழித்ததும் அதே ஆட்சிதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1977ஐ ஒட்டிய ‘செம்பயங்கர’ நாட்களில் அது வேட்டையாடியவர்களுள் பெருந்தொகையினர் யார்? மார்க்ஸைப் படித்த மாணவர்கள். ‘உழுபவனுக்கே நிலம்’ என்று முழங்கியவர்கள். இந்தப் படத்தை எதிரியின் படம் என்று ஒதுக்கினால், அந்தப் பிணங்களை நாம் யாருடைய கணக்கில் எழுதுவது?

படம் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடும். காலம் முன்னும் பின்னுமாக மாறும். முதல் அரைமணி நேரம் பொறுத்திருங்கள். முடிந்ததும் கலைந்துவிடாதீர்கள். கேள்வி எழுப்பிய தோழர்களே விவாதத்தைத் தொடங்கி வைக்கட்டும்.