பந்தைக் கீழே வைக்கத் தெரியுமா?

சிட்னியில் இருப்பவர்களுக்கு டச் ஃபுட்டியை அறிமுகம் செய்யத் தேவையில்லை. கோடைகாலத்தில் வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில், விளக்குப் போட்ட பூங்காக்களில் ஒரு பக்கம் ஆறு பேர், மறுபக்கம் ஆறு பேர் என்று ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் விளையாடியிருப்பார்கள். ஆறு டச்சுக்குள் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தால் ஒரு புள்ளி. பந்தைப் பின்பக்கமாகத்தான் கொடுக்கலாம். உதைப்பது கிடையாது, ஆளைப் பிடித்து விழுத்துவதும் கிடையாது. இவ்வளவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் பேசப்போகிறேன்.

இன்றைக்கு ஒரு கோபத்தோடு வந்திருக்கிறேன். முதலில் அதைக் கொட்டிவிடுகிறேன்.

நான் விளையாடும் கலப்புப் போட்டியில், எந்த அணியை எடுத்தாலும் முதுகுக்குப் பின்னால் பந்தை வீசுகிற இளைஞர்கள் இரண்டு பேராவது இருக்கிறார்கள். ஃப்ளிக் பாஸ். எதிரே யாருமே இல்லாவிட்டாலும் ஃப்ளிக் பாஸ். பக்கத்தில் நிற்பவருக்கு நேராகக் கையில் கொடுக்கலாம் என்றாலும் ஃப்ளிக் பாஸ். பந்து கீழே விழும். விழுந்தால் எதிரணிக்குப் போய்விடும், அதுதான் விதி. விழுத்தியவர் தலையில் கை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பார். அடுத்த முறை பந்து வந்ததும் திரும்பவும் அதையேதான் செய்வார்.

இந்த நோய் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2005ஆம் ஆண்டு ரக்பி லீக் இறுதிப்போட்டி. வெஸ்ட்ஸ் டைகர்ஸ் அணியும் நோர்த் குயின்ஸ்லாந்து கவ்போய்ஸ் அணியும். பென்ஜி மார்ஷல் தன் பாதியிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, முதுகுக்குப் பின்னால் தட்டிவிட, பட் ரிச்சட்ஸ் அதை வாங்கிக்கொண்டு போய் வைத்தார். டைகர்ஸ் 30-16 என்று வென்றது. அழகான காட்சி, நானும் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன். மார்ஷல் நியூசிலாந்தில் சிறுவயதிலிருந்தே டச் விளையாடி வளர்ந்தவர் என்பதும் உண்மை. ஆனால் அந்த ஒரு வீச்சைப் பார்த்துவிட்டு ஒரு தலைமுறையே நேராகக் கொடுக்கிற பாஸை மறந்துபோனால் என்ன செய்வது? அந்த வீச்சுக்கு முன்னால் அவர் எத்தனை பேரைத் தாண்டி ஓடினார், எத்தனை பேரைத் தன் பக்கம் இழுத்தார் என்று யாரும் பார்ப்பதில்லை. கையைப் பின்னால் கொண்டுபோனதை மட்டும் பார்க்கிறார்கள்.

டச் விளையாட்டின் உயிர் பந்தை வீசுவதில் இல்லை. பந்தைக் கீழே வைப்பதில் இருக்கிறது. சமைத்துக்கொண்டோ கார் ஓட்டிக்கொண்டோ கேட்பவர்களுக்காக இன்னொரு முறை சொல்கிறேன். பந்தைக் கீழே வைப்பதில்தான் இருக்கிறது.

இந்த விளையாட்டு பிறந்த விதத்தைப் பார்த்தாலே இது விளங்கும். 1968இல், சவுத் சிட்னிப் பகுதியில், பொப் டைக், ரே வோடன் என்ற இருவர் டச்சுக்கென்று ஒரு கிளப்பைத் தொடங்கினார்கள். ஆரம்ப ஆட்டங்கள் மரூப்ராவில் உள்ள ஸ்னேப் பார்க் மைதானத்தில் நடந்தன. அதற்கு முன்பு லீக் வீரர்கள் பயிற்சிக்கு நடுவே விளையாட்டாக ஆடி வந்ததுதான் இது. லீக்கில் ஆளை விழுத்திய பிறகு, விழுந்தவர் எழுந்து பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னே தள்ளி ஆட்டத்தைத் தொடங்கிவைப்பார். டச் வந்தபோது விழுத்துவதை எடுத்துவிட்டார்கள். பந்தைத் தரையில் வைத்துத் தொடங்குவதை எடுக்கவில்லை. அதுதான் ரோல்பால். 1988இல் கோல்ட் கோஸ்டில் முதல் உலகக் கிண்ணம் நடக்கிற அளவுக்கு இந்த விளையாட்டு வளர்ந்த பிறகும், ஒவ்வொரு டச்சுக்கும் பின்னால் நடப்பது அதேதான்.

ஒரு ரோல்பாலை மெதுவாகப் பார்ப்போம். நீங்கள் பந்தோடு ஓடுகிறீர்கள். எதிரே நிற்பவர் உங்களைத் தொடுகிறார். தோளில் தொட்டாலும் சரி, சட்டையில் பட்டாலும் சரி, கையில் இருக்கும் பந்தில் பட்டாலும் சரி, அது டச்தான். தொட்ட இடத்துக்கு மார்க் என்று பெயர். அந்த இடத்தில், எதிரணியின் கோட்டைப் பார்த்து நின்று, இரண்டு கால்களுக்கும் நடுவே பந்தை வைக்க வேண்டும். அது ஒரு மீட்டருக்கு மேல் பின்னால் உருளக் கூடாது. வைத்துவிட்டு அதைத் தாண்டிப் போய்விடலாம். பின்னால் நிற்பவர் எடுப்பார். எதிரணியினர் அனைவரும் மார்க்கிலிருந்து ஏழு மீட்டர் பின்வாங்கியிருக்க வேண்டும். பின்வாங்காதவர் அந்த ஆட்டத்தில் தலையிட்டால் பெனல்டி.

இந்த ஏழு மீட்டரில்தான் முழு விளையாட்டும் இருக்கிறது.

புதிதாக வருபவர் என்ன செய்வார்? தலையைக் குனிந்துகொண்டு முழு வேகத்தில் ஓடுவார். யாரோ தொடுவார்கள். நிற்க முடியாமல் நான்கைந்து மீட்டர் தாண்டிப்போவார். பிறகு மூச்சு வாங்கியபடி மார்க்குக்குத் திரும்பி நடந்துவந்து பந்தை வைப்பார். அதற்குள் எதிரணி பின்வாங்கி, வரிசை கட்டி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருக்கும். ஓடிய ஓட்டம் அவ்வளவும் வீண்.

தெரிந்தவர் அப்படிச் செய்யமாட்டார். விதியில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. டச்சைத் தடுப்பவர்தான் செய்ய வேண்டும் என்றில்லை. பந்து வைத்திருப்பவரும் செய்யலாம். ஆகவே தெரிந்தவர் எதிரே வருபவரை நோக்கி ஓடி, கடைசி இரண்டு அடியில் வேகத்தைக் குறைத்து, உடம்பைத் தாழ்த்தி, ஒரு கையை நீட்டித் தானே அவருடைய கையைத் தொட்டுவிடுவார். அதே மூச்சில் பந்து கால்களுக்கு நடுவே தரையில் இருக்கும். எதிரே வந்தவர் இன்னும் முன்னோக்கித்தான் வந்துகொண்டிருப்பார். அவர் நின்று, திரும்பி, ஏழு மீட்டர் பின்னால் ஓட வேண்டும். அவர் திரும்புவதற்குள் பந்து அடுத்தவர் கைக்குப் போயிருக்கும். இப்படி மூன்று டச் நன்றாக வைத்தால் எதிரணியின் நடு வரிசை முழுவதும் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடும். அதற்குப் பிறகு ஃப்ளிக் பாஸ் எதற்கு? என் மாமியாரே நடந்துபோய்க் கோட்டில் வைத்துவிடுவார்.

நான் இதை வீட்டு வளவில் பழகினேன். புல்லில் ஒரு துவாயை விரித்து வைத்து, ஓடிவந்து பந்தை அதன்மேல் வைத்துவிட்டு நிற்காமல் தாண்டிப் போவேன். பந்து துவாயை விட்டு உருளக் கூடாது. பக்கத்து வீட்டு வியட்நாமியப் பாட்டி வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் மகனைக் கூப்பிட்டு அம்மாவுக்கு உடம்புக்கு ஏதும் சுகமில்லையா என்று விசாரித்தார். அவன் சிரித்த சிரிப்பை இன்னும் விடவில்லை.

பந்தை வைப்பவரைப் பற்றிச் சொன்னேன். எடுப்பவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும். அவர் பெயர் ஹாஃப். மைதானத்திலேயே மிகவும் சங்கடமான வேலை அவருடையது. ஹாஃப் பந்தோடு தொடப்பட்டால் உடனே பந்து எதிரணிக்குப் போய்விடும். ஹாஃப் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தாலும் புள்ளி கிடையாது. தண்டனை எல்லாம் அவருக்கு, பரிசு எல்லாம் வேறு யாருக்கோ. அதனால்தான் ஒருவரும் அந்த இடத்துக்கு ஓடிவருவதில்லை. நடந்துதான் வருவார்கள். அல்லது ‘நீ போ’ என்று மற்றவரைப் பார்ப்பார்கள்.

எங்கள் அணியில் ஒருவர் மட்டும் ஓடிவருவார். நியூசிலாந்தின் ரொட்டோருவாவில் வளர்ந்த மாவோரிப் பெண். ஐம்பதைத் தாண்டியவர், முழங்காலில் எப்போதும் பட்டி கட்டியிருப்பார். ஓட்டத்தில் எங்கள் அணியில் கடைசி ஆள் அவர்தான், சந்தேகமே இல்லை. ஆனால் நான் சிட்னியில் பார்த்த எந்த ஆட்டக்காரரையும் அவருக்கு மேலே வைக்கமாட்டேன்.

அவர் பந்தைப் பார்ப்பதே இல்லை. பந்து எங்கே இருக்கும் என்று கைகளுக்குத் தெரியும். கண்கள் எதிரணியின் மேல் இருக்கும். யார் இன்னும் பின்வாங்கவில்லை, யார் மூச்சு வாங்குகிறார், யார் இடப்பக்கமாகத் திரும்பி ஓடுகிறார் என்று பார்த்துக்கொண்டே குனிவார். எனக்குச் சொல்லிக் கொடுத்தது அது ஒன்றுதான்: முதலில் முதுகுகளைப் பார், பிறகு பந்தை எடு. குனிந்தவர் நிமிராமலே பந்தைக் கொடுப்பார், தரையிலிருந்து நேரே. மற்றவர்கள் பந்தை எடுத்து, நிமிர்ந்து, யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசித்து, பிறகு கொடுப்பார்கள். அந்த நேரத்தில் எதிரணி இரண்டு எட்டு முன்னால் வந்துவிடும். அவருக்கு அந்த இரண்டு எட்டும் மிச்சம். வலப்பக்கமும் அப்படித்தான், இடப்பக்கமும் அப்படித்தான். பந்து சுழலாது, உயராது, வாங்குபவரின் இடுப்புக்கு நேரே வந்து நிற்கும்.

ஒரு மழைநாள் அரையிறுதியில் இரண்டு அணியும் சமநிலை. அப்படி வந்தால் ஆட்களைக் குறைத்துக்கொண்டு ஆட வேண்டும், அதற்கு டிராப்-ஆஃப் என்று பெயர். ஆட்கள் குறையக் குறைய மைதானம் பெரிதாகிக்கொண்டே போகும். எல்லோருக்கும் கால் கனத்துவிட்டது. நான் பந்தை வைத்தேன். அவர் எடுத்தார். இந்த முறை கொடுக்கவில்லை. அந்த முழங்காலோடு தானே நேராக ஓடத் தொடங்கினார். ஹாஃப் ஓடினால் தொட்டாலே பந்து கிடைக்கும் என்பதால், கடைசித் தடுப்பாளர் ஆசையோடு அவரை நோக்கிப் பாய்ந்தார். தொடுவதற்கு ஒரு கை தூரம் இருக்கும்போது பந்து பக்கத்தில் ஓடிவந்த எங்கள் பையனின் கைக்குப் போனது. அவன் போய் வைத்தான். எல்லோரும் அவனைத்தான் தூக்கினார்கள். கிளப் எடுத்த படத்தில் அவனும் பந்தும் இருக்கிறார்கள். இவர் படத்தின் ஓரத்தில், குனிந்து முழங்காலைப் பிடித்தபடி பாதி வெட்டுப்பட்டுத் தெரிகிறார்.

பெரிய மேடையிலும் இதே கதைதான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் மகளிர் செவன்ஸ் ரக்பியில் ஆஸ்திரேலியா நியூசிலாந்தை 24-17 என்று வென்று தங்கம் எடுத்தது நினைவிருக்கும். அந்த அணியில் இருந்த சார்லட் காஸ்லிக், எமிலி செரி இருவரும் டச் ஆடிவிட்டு அங்கே போனவர்கள். அவர்கள் ஆளை ஏமாற்றி விலகி ஓடுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அவர்களுடைய கைகளைத்தான் பிடிக்கும். அழுத்தம் வரும்போது பந்து விழாத கைகள் அவை.

சேர்வது எப்படி என்று கேட்பீர்கள். அது சுலபம். உங்கள் பகுதி டச் சங்கத்தில் ஆண்கள், பெண்கள், கலப்பு என்று பிரிவுகள் இருக்கும், தரவரிசையும் இருக்கும். கடைசித் தரத்தில் சேருங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. அணியில் பதினான்கு பேர் வரை இருக்கலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் வெளியே வந்து இளைப்பாறிவிட்டு உள்ளே போகலாம். ஆகவே ‘எனக்கு ஓட ஏலாது’ என்ற சாட்டு செல்லாது. திருகிப் பூட்டுகிற குமிழ் வைத்த பூட்ஸ் கூடாது. நகம் வெட்டியிருக்க வேண்டும். நகை எதுவும் கூடாது. முதல் நாள் நடுவர் என் தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னபோது, அவருக்குப் பதினேழு வயது இருக்கும், பாவம், என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனார். இப்போது அதை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் போகிறேன். என் கணவருக்கு அதில் வருத்தம் இல்லை, மாமியாருக்கு உண்டு.

கலப்பு அணியில் களத்தில் மூன்று ஆண்களுக்கு மேல் நிற்க முடியாது. எங்கள் தமிழ் அண்ணன்மார் சிலர் பக்கத்தில் பெண் நிற்கும்போது பந்தைக் கொடுக்காமல் தாங்களே ஓடி அடிபடுவார்கள். அவர்களைப் பற்றி இன்னொரு நாள் விரிவாகப் பேசுகிறேன், அதற்கு முழு நிகழ்ச்சியே வேண்டும்.

நாற்பது தாண்டியவர்கள் ஆட்டத்துக்கு முன்னால் பின்தொடைத் தசையை நன்றாகச் சூடாக்கிக்கொள்ளுங்கள். காரை நிறுத்திவிட்டு நேரே களத்துக்குள் ஓடாதீர்கள்.

முதல் நாள் உங்களை விங்கில் நிறுத்துவார்கள். கோட்டோரம் நின்று, பந்து வருமா வருமா என்று பார்த்துக்கொண்டு குளிரில் விறைக்கிற இடம் அது. விங்கில் ஆடுபவர்கள் கோபிக்கட்டும், எனக்கு அந்த இடத்தில் பெரிய மதிப்பு இல்லை. இரண்டு மூன்று கிழமை பொறுத்திருந்து பாருங்கள், பந்து எப்படி நகர்கிறது என்று பிடிபட்டுவிடும். பிறகு தலைவரிடம் போய், எனக்கு ஹாஃப் தாருங்கள் என்று கேளுங்கள். அவர் மறுக்கமாட்டார். அந்த இடத்துக்குப் போட்டியே இல்லை.