பழையன திருத்தலும் புதியன பொருத்தலும்

(சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் மாணவ உறுப்பினர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இம்மேடையில் வழக்கமாகச் சமயமும் தமிழுமே முழங்கும். இம்முறை செயலாளர் எம்மை அழைத்து, "தம்பிமார், ரேடியோ, போன், கார்ச் செட்டு இவற்றைத் திருத்துவது பற்றிப் பேசுங்கள்" என்றபோது நாம் சற்றுத் திகைத்தது உண்மை. மிஷன் பள்ளிக்கூடத்துப் பௌதிக ஆய்வுகூடத்திலே பெற்ற சிற்றறிவும், ஓர் ஈயம் பற்றவைக்கும் கோலும், ஒரு மானியுமே எமது மூலதனம். அவற்றைக் கொண்டு சென்ற ஆண்டு முழுவதும் மாதத்தில் ஒரு ஞாயிறு சங்க மண்டபத்தில் மேசை போட்டோம். அங்கே கண்டதும் கெடுத்ததுமே இவ்வுரை.

சிலாபந் தொடங்கி உடப்பு, முந்தல், கற்பிட்டி வரை எமது கரையோரத்தில் எந்தச் சாமானுக்கும் முதற் பகை உப்புக்காற்றுத்தான். உப்பளம் செழிக்கும் ஊரில் மின்பலகை செழிக்காது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக் கொள்ளும். அந்த ஈரம் மின்னைக் கடத்தும். மின் ஓட ஓடச் செம்பு கரைந்து பச்சைக் களிம்பாகும். நாம் திறந்து பார்த்தவற்றிற் பலவற்றிலே எந்த உறுப்பும் எரிந்திருக்கவில்லை. களிம்பை மதுசாரந் தொட்ட பழைய பற்தூரிகையால் தேய்த்து, அறுந்த தடத்துக்கு ஒரு மெல்லிய கம்பியைப் பாலமாகப் பற்றவைத்ததும் ரேடியோ பேசியது. உரியவர் எம்மைப் பெரிய விஞ்ஞானிகளென்று எண்ணிப் போனார். நாமும் மறுக்கவில்லை.

இரண்டாம் பகை மின்சாரத்தின் தடுமாற்றம். 900 மெகாவாற்று நுரைச்சோலை அனல்மின் நிலையம் எமது மாவட்டத்திலேயே நிற்கிறது. ஆயினும் 2025 பெப்ரவரி 9 ஆந் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் இருண்டபோது நாமும் இருளில்தான் இருந்தோம். மின் போவதால் வருங் கேட்டிலும் அது திரும்பி வரும் கணத்தில் வருங் கேடே பெரிது. மூடியிருக்கும்போதே பிளக்கைக் கழற்றிவிடுவது செலவில்லாத வைத்தியம். தொலைக்காட்சியோ அம்பிளிபயரோ உயிர் பெறாவிட்டால், முதலில் அதன் மின்வழங்கிப் பலகையிலுள்ள கொள்ளளவிகளைப் பாருங்கள். தலை உப்பியிருந்தால் நோய் அங்கேதான். புதியது போடுகையில் கொள்ளளவு அதேயாகவும், வோல்ற்றளவு அதேயாக அல்லது கூடியதாகவும் இருக்கவேண்டும். கூட்டல் கழித்தல் முனை மாறலாகாது. ஒருமுறை நாம் மாற்றிப் போட்டுவிட்டோம். அது வெடித்த ஓசையை இச்சபையில் முன்வரிசையிலிருக்கும் பெரியவர் இருவர் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.

இனி மோட்டார் வண்டி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரி முதல் வழி திறந்தபோதும் வரியும் விலையும் ஏறியே இருந்தன. ஆகையால் எமதூரில் ஓடும் பழைய வண்டிகள் இன்னுஞ் சில காலம் ஓடியாக வேண்டும். அவற்றிற் பெரும்பாலானவை யப்பானிற் பாவித்து இங்கே வந்தவை. அவற்றின் ரேடியோவும் யப்பானுக்கென்றே செய்தது: அங்கே பண்பலை 76 மெகாஹேர்ட்சிலிருந்து 90 வரை, பிற்காலத்துச் செட்டுகளில் 95 வரை. இங்கேயோ 88 முதல் 108 வரை. அதனால் சூரியனும் சக்தியும் தென்றலும் காற்றில் நிறைந்திருக்க, செட்டு மௌனம் சாதிக்கும். செட்டு பழுதென்று நினைத்துக் கழற்றி எறிந்தவர்களை நாம் அறிவோம்.

இதற்கு அலைவரிசை இறக்கும் சிறு கருவியொன்று உண்டு. அன்ரெனா வயருக்கும் செட்டுக்கும் நடுவே அதைப் பொருத்தினால் வருகின்ற அலையைக் கீழே இறக்கிக் கொடுக்கும். எவ்வளவு இறக்குகிறதென்று கேட்டு வாங்க வேண்டும். 16 மெகாஹேர்ட்ஸ் இறக்கினால் 102 இல் ஒலிப்பது 86 இற் கேட்கும்; ஆனால் 90 வரை மட்டும் பிடிக்கும் செட்டில் 106 இற்கு மேலுள்ளவை அகப்படா. தாம் விரும்பும் நிலையம் எங்கே நிற்கிறதென்று பார்த்த பின்பே காசைக் கொடுக்கவேண்டும்.

இன்னொரு கண்டமும் உண்டு. வண்டியின் பற்றரியைக் கழற்றி மாட்டியதும் சில யப்பானியச் செட்டுகள் தம் வரைபட அட்டையை அல்லது இரகசிய எண்ணைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். அதுவும் யப்பானிய மொழியில்! பற்றரி மாற்றும் நேரத்தில் வேறொரு 12 வோல்ற்றுப் பற்றரியைத் தற்காலிகமாகத் தொடுத்து வைத்தால் இத்தொல்லை இல்லை. புதிய அன்ட்ரொயிட் செட்டுப் பொருத்த விரும்புவோர், வண்டியோடு வந்த வயர்ப் பிளக்கை வெட்டிவிடாமல், அதற்கேற்ற இடைப்பிளக்கைப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ பஞ்சிகாவத்தையிலோ தேடி வாங்குக. பியூஸ் அடிக்கடி போனால் வெள்ளித்தாள் சுற்றாதீர்கள். பியூஸ் போவது காவற்காரன் குரைப்பது போன்றது. வாயைக் கட்டினால் வீடு எரியும். கண்ணாடியோரம் ஒட்டும் கமராவை வாங்குவோர், உள்ளே லிதியம் பற்றரியில்லாமற் கொள்ளளவியுள்ள வகையைக் கேளுங்கள். எமது வெயிலில் பற்றரி உப்பிவிடும். பிரியஸ் முதலிய ஹைபிரிட் வண்டிகளின் பெரும் பற்றரி 200 வோல்ற்றளவு உடையது. அது எமது மேசைக்குரியதன்று. யாருங் கொண்டு வராதீர்கள்.

திருத்த முடியாதவையும் உண்டென்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். 2025 ஜனவரி முதல் அன்ட்ரொயிட் 5 இற்குக் குறைந்த கைத்தொலைபேசிகளில் வட்ஸ்அப் இயங்குவதில்லை. எவ்வளவு ஈயம் பற்றவைத்தாலும் அதற்கு மருந்தில்லை. எனினும் அத்தகைய போன் பாட்டுப் பெட்டியாகவோ படிக்கும் பிள்ளையின் அகராதியாகவோ இருக்கலாம். 2022 இல் உலகம் கழித்த மின்சாதனக் குப்பை 6 கோடி 20 இலட்சம் தொன். அதில் முறைப்படி சேகரித்து மீளப் பயன்படுத்தியது காற்பங்குக்கும் குறைவு. கொழும்புக் குப்பையை எமது மாவட்டத்து அருவக்காட்டிற் கொட்டுவதை எதிர்த்து 2018, 2019 ஆம் ஆண்டுகளிற் புத்தளம் மக்கள் வீதியில் இறங்கினர். அதே நாம் உப்பிய பற்றரியை வேலிக்கப்பால் எறிகிறோமே என்று ஒரு பெரியவர் கேட்டார். அவருக்கு மறுமொழி எம்மிடம் இருக்கவில்லை.

இறுதியாக எமது தவறொன்றைச் சொல்லவேண்டும். ஒரு தாயார் துணியிற் சுற்றி ஒரு கைத்தொலைபேசியைக் கொண்டு வந்தார். முந்திய வருடம் கடலில் இறந்துபோன மகனுடையது, படகிலிருந்து எடுத்தது. யாரோ சொன்னார்களென்று அதை மாதக்கணக்காக அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். "படம் வேறை இடத்திலையும் இருக்கு, தம்பிமாரே. குரல்தான் இல்லை" என்றார். அரிசி ஈரத்தைச் சற்று இழுக்கலாம், உப்பை இழுக்காது. கடலில் விழுந்ததை உடனே நிறுத்தி, முடிந்தால் பற்றரியைக் கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி உலர்த்தவேண்டும். அந்த நேரம் எப்போதோ கடந்துவிட்டது. ஆயினும் பலகையைச் சுத்தம் செய்து பார்க்கும் பொறுமை எமக்கு இருந்திருக்கவேண்டும். அவர் கண்முன்னே ஏதாவது காட்டவேண்டுமென்ற ஆசையில் சார்ஜரைச் செருகினோம். புகை வந்தது. பலகை போயிற்று. உள்ளேயிருந்த நினைவட்டை மட்டும் தப்பியது. அதிற் படங்கள் இருந்தன, குரல் இல்லை.

அந்தத் தாயார் எம்மை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

இரண்டு நாள் நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பின்பு எம்மில் ஒருவருக்குத் தோன்றியது: அனுப்பிய குரற்செய்தி அனுப்பியவரிடம் மட்டும் இருப்பதில்லையே! அவருடைய கூட்டாளிமார், மைத்துனர், வெளிநாட்டிலிருக்கும் தங்கை என்று வீடு வீடாகவும் தொலைபேசியிலும் கேட்டுத் திரிந்தோம். சிலர் அழித்திருந்தார்கள். சிலரிடம் இருந்தது. வலை பற்றியும், மண்ணெண்ணெய் விலை பற்றியும், ஒரு பிறந்தநாள் வாழ்த்துமாகப் பதினேழு குரற்செய்திகள் சேர்ந்தன. வட்ஸ்அப் குரல் சேமிக்கப்படும் வகையைச் சாதாரணப் பாட்டுக் கருவி வாசிக்காதாகையால் அவற்றை எம்பி3 ஆக மாற்றினோம். அந்த வீட்டிலே நாடா ஓடாமற் கிடந்த ரேடியோ கசற் பெட்டியைத் திறந்து, களிம்பைத் துடைத்து, நினைவட்டை வாசிக்குஞ் சிறு பலகையொன்றை அதன் ஒலிபெருக்கியோடு இணைத்தோம். முன்புறத்திற் பெரிய பொத்தான் ஒன்று வைத்தோம். அம்மாவுக்கு எழுத்துப் பார்க்கக் கண் சரியில்லை.

பெட்டி இப்போது அவருடைய அடுப்படியில் இருக்கிறது. ஒலி சற்றுக் கரகரக்கிறதென்று சென்ற வாரம் சொல்லியனுப்பினார். ஸ்பீக்கரின் கடுதாசி உப்புக்காற்றில் இற்றுப்போயிருக்கவேண்டும். வருகிற ஞாயிறு மேசையில் முதல் வேலை அதுதான்.