ஒரு குப்பியில் ஆயிரம் நாள்: வைட்டமின் டி ஊசியும் அதன் கணக்கும்

(மாணவர்களுக்கும் அலுவலர்களுக்கும் நிகழ்த்தப்பட்ட உரையின் வடிவம்)

சித்தூரிலும் திருப்பதியிலும் வெயிலுக்குப் பஞ்சம் ஏற்பட்டதாக எவரும் கூறியதில்லை. தோலின்மீது படும் சூரிய ஒளியின் துணைகொண்டு உடலே உண்டாக்கிக் கொள்ளும் சத்து வைட்டமின் டி. ஆகவே இப்பகுதி மக்களிடம் அச்சத்துக் குறைபாடு இருக்க இயலாது என்று மருத்துவர்கள் உட்படப் பலரும் நெடுங்காலம் கருதி வந்தனர். அக்கருத்தைத் தகர்த்த ஆய்வு திருப்பதியிலேயே நடைபெற்றது என்பது குறிப்பிடத்தக்கது.

திருப்பதி ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவ அறிவியல் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சி.வி. ஹரிநாராயணும் அவரது குழுவினரும் 2007 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் நகரவாசிகளையும் சிற்றூர்வாசிகளையும் ஒப்பிட்டு நோக்கினர். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 20 நானோகிராமுக்குக் குறைவான வைட்டமின் டி இருப்பதே குறைபாடு எனக் கொள்ளப்பட்டது. அவ்வளவுகோலின்படி, சிற்றூர் ஆண்களில் 44 விழுக்காட்டினரிடமும் நகர ஆண்களில் 62 விழுக்காட்டினரிடமும் குறைபாடு காணப்பட்டது. பெண்களின் நிலை இதனினும் மோசம். சிற்றூரில் 70 விழுக்காடு, நகரில் 75 விழுக்காடு. போதிய அளவு வைட்டமின் டி பெற்றிருந்த சிற்றூர்ப் பெண்கள் நூற்றுக்கு ஒருவரே.

இந்த ஆய்வின் மற்றொரு முடிவு போதிய கவனத்தைப் பெறவில்லை. மக்களின் உணவில் கால்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்து, பரிந்துரைக்கப்பட்ட அளவுக்கு வெகுவாகக் குறைந்திருந்தது. தானியங்களில் உள்ள ஃபைட்டேட் என்னும் பொருளோ மிகுந்திருந்தது. இப்பொருள் கால்சியத்தைப் பற்றிக்கொண்டு, அது குடலில் உறிஞ்சப்படாமல் தடுக்கும் இயல்புடையது. கால்சியம் குறையும்போது பாரா தைராய்டு சுரப்பி கூடுதலாக வேலை செய்கிறது. அதன் விளைவாக உடலில் உள்ள வைட்டமின் டி விரைந்து செலவழிகிறது. வெயிலில் நாளெல்லாம் களையெடுக்கும் பெண்ணிடமும் குறைபாடு காணப்படுவதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும். இத்தகையோருக்கு வைட்டமின் டி மட்டும் அளித்து, கால்சியத்தைக் கவனியாது விட்டால், சிகிச்சை பாதியளவே நடந்ததாகும். கேழ்வரகுக் களி இராயலசீமையின் பழைய உணவு. கேழ்வரகில் கால்சியம் மிகுதி. முளைகட்டினாலோ புளிக்க வைத்தாலோ அதிலுள்ள ஃபைட்டேட் குறையும். ஆந்திரப் பிரதேச அரசுப் பள்ளிகளில் கேழ்வரகுக் கஞ்சி 2023 ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தப்பட்டது இவ்வகையில் பொருத்தமான செயல். சித்தூர்ப் பகுதி பால் வளமும் உடையது. ஆயினும் கறக்கும் வீட்டில் குழந்தைக்கு எவ்வளவு பால் எஞ்சுகிறது என்பது தனியே ஆராயத்தக்க கேள்வியாகும்.

குறைபாடு பரவலாக உள்ளது என்ற செய்தி பரவியதும், ஊசிக்கான தேவையும் பெருகியது. இங்குதான் கணக்கு தேவைப்படுகிறது.

சந்தையில் பரவலாகக் கிடைக்கும் வைட்டமின் டி ஊசி மருந்தின் ஒரு குப்பியில் 6,00,000 யூனிட்டுகள் உள்ளன. எடையில் இது வெறும் 15 மில்லிகிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 ஆம் ஆண்டு பரிந்துரைத்த அளவோ வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு 600 யூனிட்டுகள். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் விடை ஆயிரம். ஏறத்தாழ இரண்டே முக்கால் ஆண்டுகளுக்கு உரிய பங்கு ஒரே நொடியில் தசைக்குள் செலுத்தப்படுகிறது. செலுத்தியதைத் திரும்ப எடுக்க இயலாது.

பி-12 ஊசியுடன் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். பி-12 நீரில் கரைவது. தேவைக்கு மிஞ்சியதில் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடும். வயிற்றிலிருந்து அச்சத்தை உறிஞ்ச இயலாதவர்களுக்கு அந்த ஊசி உயிர் காக்கும் மருந்து. வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. உடலின் கொழுப்புத் திசுக்களில் தங்கி, மாதக்கணக்கில் மெல்ல வெளிப்படுவது. இரண்டையும் ‘சத்து ஊசி’ என்ற ஒரே பெயரால் அழைக்கும் வழக்கம் ஊர்ப்புறங்களில் உண்டு. பெயர் ஒன்றாயிருப்பதால் இரண்டும் சம அளவில் தீங்கற்றவை என்ற எண்ணமும் வேரூன்றியுள்ளது.

மேலும் ஒரு சிக்கல் உண்டு. தசையில் செலுத்தப்பட்ட வைட்டமின் டி, வாய்வழி உட்கொண்டதைக் காட்டிலும் மெதுவாகவே இரத்தத்தில் கலக்கிறது. அது உச்ச அளவை எட்ட இரண்டு மாதங்களோ அதற்கு மேலுமோ ஆகக்கூடும். கூலி வேலை செய்யும் பெண் ஒருவர் உடல்வலிக்காக ஊரில் உள்ள ஆர்.எம்.பி.யிடம் ஊசி போட்டுக் கொள்கிறார் என வைத்துக்கொண்டால், இரண்டு வாரம் கழித்தும் அவருக்கு வலி குறையாது. முதல் ஊசி பயனளிக்கவில்லை என்று கருதி இரண்டாவது போடப்படுகிறது, பின்னர் மூன்றாவது. அவை அனைத்தும் ஒன்று சேர்ந்து வேலை செய்யத் தொடங்கும்போது இரத்தத்தில் கால்சியம் அளவு கடந்து உயர்கிறது. பசியின்மை, குமட்டல், மலச்சிக்கல், தீராத தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், சோர்வு, மனக்குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள்; கவனியாது விட்டால் சிறுநீரகம் பழுதடையும். இவற்றுள் பசியின்மையும் சோர்வும் எவற்றை ஒத்திருக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ‘பலவீனம்’ என்று சொல்லி எவற்றுக்காக ஊசி கேட்கப்படுகிறதோ, அவற்றையே ஒத்திருக்கின்றன. ஆகவே நஞ்சேறியவருக்கே மீண்டும் ஒரு சத்து ஊசி கிடைக்கும் வாய்ப்பு மிகுதி.

இது வெறும் கற்பனையன்று. ஸ்ரீநகரிலிருந்து 2011 ஆம் ஆண்டு வெளிவந்த மருத்துவ அறிக்கை ஒன்று, வைட்டமின் டி மிகுதியால் பாதிக்கப்பட்ட பத்து நோயாளிகளை விவரிக்கிறது. அவர்களுள் மிகக் குறைவாகப் பெற்றிருந்தவரின் அளவே, சில மாத இடைவெளியில் 36 லட்சம் யூனிட்டுகள். குப்பிக் கணக்கில் இது ஆறு. நஞ்சேறும் அளவை எட்டாவிடினும் பெரும் அளவுகள் நன்மை தருவதில்லை என்பதற்கு ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு சான்றாகும். அங்கு 70 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களுக்கு ஆண்டுக்கொருமுறை 5,00,000 யூனிட்டுகள் வாய்வழி தரப்பட்டன. எலும்பு முறிவைத் தடுப்பதே நோக்கம். 2010 ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, மருந்து பெற்றவர்களிடமே கீழே விழுதல் 15 விழுக்காடும் எலும்பு முறிவு 26 விழுக்காடும் கூடுதலாக இருந்தன.

இரத்தப் பரிசோதனைச் சீட்டில் காணும் குறைந்த எண்ணே நோயாகிவிடாது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. 20, 30 என்னும் எல்லை எண்களைப் பரப்பிய அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டியே 2024 ஆம் ஆண்டு அவற்றை இனி ஆதரிப்பதில்லை என்று கூறியதோடு, நலமுடன் இருப்போருக்கு வழக்கமாக இப்பரிசோதனை செய்வதையும் ஊக்குவிக்கவில்லை. குழந்தையின் கால் வளைவு, பெரியோரின் எலும்பு மெலிவு, தசைத் தளர்ச்சி ஆகியவற்றுடன் கூடிய குறைபாட்டிற்கு ஐயமின்றிச் சிகிச்சை வேண்டும். அவர்களுள்ளும் பெரும்பாலோருக்கு ஊசி தேவையில்லை. வயது வந்தோருக்கு 60,000 யூனிட் கொண்ட பொட்டலமோ மாத்திரையோ வாரம் ஒன்றாக எட்டு வாரம் தருவது வழக்கில் உள்ள முறை. வாரம் ஒன்று என்பதை நாள் ஒன்று எனப் புரிந்துகொண்டு விழுங்கியவர்களும் உண்டு. ஆகவே பொட்டலத்தின்மீது கிழமையை எழுதித் தருவது நலம். குடல் நோயால் சத்தை உறிஞ்ச இயலாதோர், வாய்வழி மருந்தைத் தொடர இயலாதோர் ஆகியோருக்கே ஊசி உரியது.

ஊசி போடுமுன் இரத்தத்தில் கால்சியமும் கிரியாட்டினினும் எவ்வளவு என்று பார்த்தல் வேண்டும். இவை வைட்டமின் டி பரிசோதனையைவிட மிகக் குறைந்த செலவில் முடிபவை. சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கும், டிகாக்ஸின் என்னும் இதய மருந்தை உண்போருக்கும் தனி எச்சரிக்கை தேவை. காசநோயாளிகளிடம் நோயுற்ற திசுக்களே வைட்டமின் டி-யின் வீரிய வடிவத்தை உண்டாக்கக்கூடும். எனவே அவர்களுக்கும் அது பொருந்தும். மருந்து தசையில் மட்டுமே செலுத்தப்பட வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் புதிய ஊசிக்குழல் வேண்டும் என்பதைக் கூறத் தேவையில்லை என்று தோன்றலாம். ஆனால் 2002 முதல் 2004 வரை நாடு முழுவதும் நடத்தப்பட்ட ஆய்வு, இந்தியாவில் போடப்படும் ஊசிகளில் ஏறத்தாழ 63 விழுக்காடு பாதுகாப்பற்றவை எனக் கண்டது.

இனி நிர்வாகத்தின் பங்கு. சித்தூர் மாநில எல்லையில் உள்ள ஊர். எலும்பு வலியுள்ள ஒருவர் முதலில் ஊரில் உள்ள ஆர்.எம்.பி.யையும், பின்னர் சித்தூரில் ஒரு தனியார் மருத்துவரையும், அடுத்து எல்லை கடந்து வேலூரையும், இறுதியில் திருப்பதியையும் நாடுவது இங்கு இயல்பு. 2022 ஏப்ரல் 4 முதல் சித்தூரும் திருப்பதியும் தனித்தனி மாவட்டங்கள். நோயாளியின் கோப்பு ஒவ்வோரிடத்திலும் புதிதாகத் தொடங்குகிறது. ஒவ்வொரு மருத்துவரும் ஒரே ஓர் ஊசியே போட்டிருக்கக்கூடும். அவரவர் ஏட்டின்படி அவரவர் செய்தது சரியே. கூட்டுத்தொகை மட்டும் எவரிடமும் இல்லை. குழந்தைகளின் தடுப்பூசிக்கு அட்டை உண்டு. அதைத் தாய்மார்கள் ஆண்டுக்கணக்கில் பத்திரப்படுத்துகின்றனர். ஆயிரம் நாள் மருந்தை ஒரே வேளையில் செலுத்தும் ஊசிக்கு அத்தகைய அட்டை இல்லை. மருந்தின் பெயர், யூனிட், தேதி, கால்சியம் அளவு ஆகிய நான்கையும் தெலுங்கிலும் தமிழிலும் எழுதித் தருவதற்கு ஒரு தாளும் இரண்டு நிமிடமும் போதும். ஆரம்ப சுகாதார நிலையங்களின் மருந்தாளுநர்களைக் கொண்டே இதனைத் தொடங்க இயலும். மூன்று மாதம் கழித்து அந்த அட்டையுடன் நோயாளி வரும்போது, கால்சியம் மீண்டும் பரிசோதிக்கப்பட்ட பின்னரே அடுத்த குப்பியைப் பற்றிய பேச்சு எழ வேண்டும்.