முதலாண்டு மாணவரின் முதற்கடன்

(இறம்பொடையில் ஆற்றிய உரை)



கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் நெடுஞ்சாலையில் செல்வோர் இறம்பொடை அருவியைக் கண்டு வியக்கின்றனர். அதனைச் சூழ்ந்த மலைகளில் நீண்டு கிடக்கும் லயங்களை எத்தனை பேர் நின்று பார்க்கின்றனர்? அந்த லயங்களிலிருந்து இன்று பிள்ளைகள் பல்கலைக்கழகம் செல்கின்றனர். இது சிறிய செய்தியன்று. 1945 ஆம் ஆண்டில் இந்நாட்டில் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்குப் புறத்தே நின்றன. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவராக்கிற்று. 1970களிலேதான் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் நிறைவேறியது. ஆகவே, இம்மலையிலிருந்து ஒரு பிள்ளை பல்கலைக்கழக வாயிலை மிதிக்கும்போது, கொழுந்துக்கூடை சுமந்த பல தலைமுறைகள் அதன் பின்னே நிற்கின்றன.

அந்தப் பிள்ளைகளிடம் நாம் ஒன்று கேட்கின்றோம். பட்டம் பெற்றபின் பொதுத்தொண்டைப் பார்த்துக்கொள்வோம் என்று ஒத்திவையாதீர்கள். இறுதியாண்டில் பரீட்சை வரும்; பின்னர் உத்தியோகம் தேடும் கவலை வரும்; உத்தியோகம் கிடைத்ததும் குடும்பப் பாரம் வரும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?

நீங்கள் செய்தால் மட்டும் போதாது. உடன்பயில்வோரையும் அழைத்து வருதல் வேண்டும். நாம் மேடையேறிப் பத்துமுறை சொல்வதைவிட, விடுதியில் அடுத்த கட்டிலில் உறங்கும் தோழன் “சனிக்கிழமை நீயும் வருகிறாயா?” என்று ஒருமுறை கேட்பது வலிமையுடையது. புதியவரைத் துன்புறுத்தினால் ஒற்றுமை வளரும் என்று கூறிப் பகிடிவதை செய்வோர் உளர். 1998 ஆம் ஆண்டின் சட்டம் அதனைக் குற்றமாக்கியது. ஆயினும், தீய வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் நல்ல வழக்கத்தைத் தானே படைத்துவிடாது. ஒரே பணியில் தோள்கொடுத்தவர்களிடையே பிறக்கும் தோழமையே நிலைக்கும். அதனைப் படைப்பவர்கள் நீங்களாக வேண்டும்.

இதற்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. 1958 இல் கொழும்பு நாளந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவரை, சமூகம் ஒதுக்கிவைத்த மக்கள் வாழ்ந்த கனத்தொலுவ கிராமத்துக்கு அழைத்துச் சென்றார். அவர்கள் செய்த சிரமதானத்திலிருந்தே சர்வோதய இயக்கம் வளர்ந்தது. இந்தியாவில் 1969 இல் 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. அதிற் சேரும் மாணவர் ஈராண்டில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும்.

இங்கே செய்ய வேண்டியவை யாவை? முதலாவது, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் கற்பித்தல். இரண்டாவது, உயர்தரத்தில் எப்பாடம் எத்துறைக்கு வழிகாட்டும், மாவட்ட ஒதுக்கீடு எவ்வாறு அமைகிறது என்பவற்றைப் பெற்றோருக்கும் விளக்குதல். பதினாறு வயதில் அறியாமற் செய்யும் பாடத்தெரிவு, பின்னர் திறக்கவியலாத கதவை அடைத்துவிடும். மூன்றாவது, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை முதலியவற்றுக்கான படிவங்களை நிரப்ப உதவுதல். படிவம் புரியாமையால் ஒருநாட் சம்பளத்தை இழந்து அலுவலகத்துக்கு அலையும் தாயின் துயரம் உங்களுக்குத் தெரியாததா?

மகாபொல உதவிப்பணத்திலும் மிச்சம்பிடித்து வீட்டுக்கு அனுப்பும் மாணவர் உளர் என்பதை நாம் அறிவோம். அவர்களிடம் நாம் பணம் கேட்கவில்லை. மாதத்தில் இரு சனிக்கிழமைகளைக் கேட்கின்றோம். எஞ்சியது மூத்தோராகிய நம் கடன். உத்தியோகத்தர்கள் பஸ் கட்டணத்தை ஏற்கட்டும். மரக்கறி பயிரிடும் கமக்காரர்கள் ஒருவேளை உணவு அளிக்கட்டும். கோயில் நிருவாகத்தினர் மண்டபத்தைத் திறந்துவிடட்டும். இவற்றைச் செய்யாமல் இளைஞரை மட்டும் குறைகூறுவது நமக்கு அழகன்று.

தம்பி தங்கையரே, இரக்கம் காட்ட வருவதாக எண்ணி வராதீர்கள். உங்களைப் படிக்கவைத்த மக்களிடம் பட்ட கடனைத் தீர்க்க வாருங்கள். தனியாக வராமல் ஒரு தோழரையும் அழைத்து வாருங்கள். இவ்வாண்டு நீங்கள் கற்பிக்கும் பிள்ளை, சில ஆண்டுகளில் முதலாண்டு மாணவராகி உங்கள் இடத்தில் நிற்கட்டும். அந்த வரிசை அறாமல் நீளுமாயின், இம்மலைநாட்டின் நிலை மாறியே தீரும்!