ஸ்டீயரிங் பிடிக்க யாரைக் கேட்கணும்?

(செம்பரம்பாக்கத்தில் நடந்த கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் ஒரு குழுவின் ஊக்குநர் பேசியதன் எழுத்து வடிவம்)

சாம்பார் வாசனை இங்க வரைக்கும் வருது. அதனால பத்து நிமிஷத்துல முடிச்சிடுறேன்.

எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு "என்னால் முடியும்". நாம இதை எத்தனையோ கூட்டத்துல கை தட்டிச் சொல்லியிருக்கோம். வீட்டு வாசப்படி ஏறும்போதே அது மறந்து போயிடுது. அதனால வெறும் தலைப்பைப் பேசாம ஒரு ஆளைப் பத்திப் பேசுறேன்.

அவங்க பேரு வசந்தகுமாரி, கன்னியாகுமரி மாவட்டம். சின்ன வயசுலயே அம்மா இறந்துட்டாங்க. 19 வயசுல கல்யாணம். வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே நாலு பெண் குழந்தைங்க. அப்புறம் இவங்களுக்கும் ரெண்டு. ஆறு பிள்ளைங்க இருக்கிற வீடு, அவர் பார்த்தது கட்டட வேலை. அந்த வருமானத்துல ஆறு தட்டுல சோறு போடறதுன்னா என்னன்னு உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல. இவங்க மகளிர் மன்றத்துல செயலாளரா இருந்தவங்க. அப்படிப் பார்த்தா நம்ம மாதிரி நோட்டு எழுதி, கூட்டம் போட்டுப் பழகினவங்கதான்.

அரசு வேலையில் பெண்களுக்கு 30 சதவீதம் இடம்னு 1989ல நம்ம மாநிலத்துல கொண்டுவந்தாங்க. அதைக் கேள்விப்பட்டவங்க நிறைய பேர் டீச்சர் வேலை, ஆபீஸ் வேலைன்னு யோசிச்சிருப்பாங்க. இவங்க பஸ் டிரைவர் வேலைக்குப் போறேன்னு கிளம்பினாங்க. ஓட்டக் கத்துக்கிட்டு ஹெவி லைசென்ஸ் எடுத்து விண்ணப்பம் போட்டாங்க. பொம்பளைங்க பஸ் ஓட்டி எங்கேயும் பார்த்ததில்லையே, ஆம்பளைங்க வேலையாச்சேன்னு சொல்லித் தட்டிக் கழிச்சாங்க. இவங்க விடல. மறுபடி மறுபடி போய் நின்னாங்க. அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா வரைக்கும் விஷயம் போன பிறகுதான் 1993ல அரசுப் போக்குவரத்துக் கழகத்துல வேலை கிடைச்சது. நாகர்கோவில் – திருவனந்தபுரம் ரூட்டுல ஓட்டினாங்க. பொம்பளைன்னு தனிச் சலுகை கிடையாது, ராத்திரி டியூட்டியும் உண்டு. 2017ல ஓய்வு பெற்றாங்க. 24 வருஷம்!

இத்தனை வருஷம் அவங்க மனசுக்குள்ள என்ன ஓடிச்சுன்னு நான் சொல்ல வரல. அவங்க செஞ்சதை மட்டும்தான் சொல்றேன். இதுல எனக்குப் புரிஞ்ச விஷயம் ஒண்ணு இருக்கு. லைசென்ஸ் கைக்கு வந்துடுச்சு, அதாவது ஓட்டத் தெரியும்னு அரசாங்கமே எழுதிக் கொடுத்துடுச்சு. அதுக்கப்புறமும் "முடியுமா?"ன்னு கேட்டாங்கன்னா, அந்தச் சந்தேகம் யாருடையது?

நம்ம மனசுல ரெண்டு வகையான சந்தேகம் கலந்து கிடக்குது. கிளட்சை எப்போ விடணும், ரிவர்ஸ்ல எந்தப் பக்கம் ஒடிக்கணும், இது ஒரு வகை. நல்ல சந்தேகம். நாலு வாரம் ஓட்டினா தானா போயிடும். "இந்த வயசுலயா? ஊரு என்ன சொல்லும்? உனக்கு எதுக்கு இதெல்லாம்?" இது இன்னொரு வகை. இது எவ்வளவு ஓட்டினாலும் போகாது, ஏன்னா இது நம்மகிட்ட உற்பத்தி ஆனதே இல்ல. சின்ன வயசுல இருந்து யாரோ சொல்லிச் சொல்லி, கடைசியில நம்ம குரல்லயே நமக்குக் கேட்குது.

நம்ம ஏரியில தண்ணி எவ்வளவு இருக்குன்னு கரையில நின்னு குத்துமதிப்பா யாராவது சொல்றாங்களா? மொத்தம் 24 அடி, இன்னிக்கு இத்தனை அடின்னு அளவுகோலைப் பார்த்துச் சொல்றாங்க. நம்மால முடியுமா முடியாதான்னு மட்டும் நாம அளக்காமலே சொல்லிடுறோம்.

இப்போ நம்ம வீட்டு விஷயத்துக்கு வர்றேன். பேரு சொல்ல மாட்டேன், அந்தத் தங்கச்சிகிட்ட கேட்டுட்டுத்தான் பேசுறேன். தினமும் ஹைவேயில நின்னு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேனுக்குப் போறவ. மூணு வருஷமா டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி உட்கார்ந்து கியர் போடறதையே பார்த்துட்டு வந்திருக்கா. ஒருநாள் அந்த மாதிரி வண்டியைத் தானே ஓட்டணும்னு ஆசை. டிரைவிங் ஸ்கூல் பீஸ் கட்ட அவ குழுவுல உள்கடன் கேட்டா. "வீட்டுக்காரர் சம்மதிச்சாரா?"ன்னு ஒருத்தர். "ராத்திரி ஷிப்டு எல்லாம் ஓட்டுவியா?"ன்னு இன்னொருத்தர். யாரோ சிரிச்சாங்க. அவ உடனே "சும்மாதான் கேட்டேன்க்கா"ன்னு சொல்லிட்டு அடுத்த பொருளுக்குப் போகச் சொல்லிட்டா. தீர்மான நோட்டுல ஒரு வரிகூட ஏறல.

அதே கூட்டத்துல கறவை மாட்டுக்குக் கடன் கேட்டவங்களை எத்தனை லிட்டர் கறக்கும், பாலை எங்க ஊத்துவே, மாசம் எவ்வளவு கட்டுவேன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி, எல்லாமே கணக்கு. இந்தத் தங்கச்சியையும் கணக்குக் கேட்டிருக்கலாமே! கேட்டிருந்தா அவ பதில் சொல்லியிருப்பா, எல்லாம் விசாரிச்சு வச்சிருந்தா.

18 வயசு முடிஞ்சா கார் ஓட்ட எல்.எல்.ஆர். போடலாம். அது ஆறு மாசம் செல்லும். 30 நாள் கழிச்சு நம்ம பூந்தமல்லி ஆர்.டி.ஓ.வுல டெஸ்ட். பெயிலானா ஏழு நாள் கழிச்சு மறுபடி போகலாம். மானம் போற விஷயம் எதுவும் அதுல இல்ல, எத்தனையோ ஆம்பளைங்க மூணாவது தடவைதான் பாஸ் ஆகுறாங்க. லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆனதும், 20 வயசு முடிஞ்சிருந்தா பெரிய வண்டிக்குப் போகலாம். ஆக அவ கனவுக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம். மாட்டுக் கடனை அடைக்கிற காலம்தான்.

வேலை கிடைக்குமான்னும் கேட்கலாம், கேட்கணும். 2015 ஜூன் 29ல கோயம்பேடு – ஆலந்தூர் இடையில போன முதல் மெட்ரோ ரயிலை ஓட்டினது ப்ரீத்திங்கற பொண்ணு. 2025 மகளிர் தினத்துல சென்னையில பிங்க் ஆட்டோ விட்டாங்க, ஒரு லட்சம் ரூபாய் மானியத்தோட. நம்ம ஊர் கம்பெனிகளுக்குப் பெண்களை ஏத்திட்டுப் போற வண்டிங்க எத்தனைன்னு காலையில ஹைவேயில நின்னு எண்ணிப் பாருங்க. அதுல ஒண்ணை ஒரு பொம்பளை ஓட்டினா, ராத்திரி ஷிப்டு முடிஞ்சு வர்ற நம்ம பொண்ணுங்களுக்கும் நிம்மதிதானே?

அடுத்த மாசக் கூட்டத்துல அவ மறுபடி விண்ணப்பம் கொடுக்கப் போறா. கொடுக்கணுமான்னு இன்னும் தயங்கிட்டுத்தான் இருக்கா, நேத்து ராத்திரிகூட போன் பண்ணி வேணாம்க்கான்னா. அந்தக் குழு உறுப்பினர்களும் இங்கதான் உட்கார்ந்திருக்கீங்க. கடன் கொடுக்கறதும் கொடுக்காததும் உங்க முடிவு, நான் தலையிட மாட்டேன். ஆனா இந்தத் தடவை அவகிட்ட கணக்குக் கேளுங்க. கேட்டதையும் அவ சொன்ன பதிலையும் நோட்டுல எழுதுங்க.

இன்னொண்ணு. டிரைவிங் ஸ்கூல் வண்டி காலையில ஆறரைக்குத்தான் வருமாம். அந்த முக்கால் மணி நேரம் அவ சின்னப் பையனைப் பார்த்துக்க பக்கத்துத் தெருவுல ஆள் வேணும். யாரால முடியும்னு சாப்பிடும்போது என்கிட்ட சொல்லுங்க.