பெட்டி போகிற வீடு



பேராசிரியர்கள் நின்று பேசுகிற மேடை இது. என்னிடம் இருப்பது மூன்று வருடம் பெட்டி ஒட்டிய அனுபவம்தான். அதையே பேசுகிறேன்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு குடோன். கம்பெனி பெயர் வேண்டாம். முதல் மாதச் சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறியது. பிஎஃப் எண் வந்தது, இஎஸ்ஐ அட்டை வந்தது. வாசலுக்கு வெளியே நின்று கூலி வாங்கிய அப்பாவைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது சின்ன விஷயமில்லை. யாரும் சாதி கேட்கவில்லை. கழுத்தில் ஓர் அட்டை, அதில் ஒரு நம்பர். விடுதலை என்றே நினைத்தேன்.

வேலை இதுதான்: ஸ்கேன் பண்ணு, பெட்டியை மடி, பபிள் ஷீட் சுற்று, டேப் ஒட்டு, பெல்ட்டில் தள்ளு. மணிக்கு எத்தனை என்று ஸ்கேனரே எண்ணும். தண்ணீர் குடிக்கப் போன ஐந்து நிமிடமும் திரையில் தெரியும். தொழிலாளர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தினார்கள். எங்கள் மேசைக்கு ஸ்டூல் வரவில்லை. இரவு ஷிப்ட் முடிந்து பஸ் ஏறும் அக்காக்கள் முதலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஒருநாள் லேபிளில் எங்கள் ஊர்ப் பெயர். ஊர்த்தெரு விலாசம். அந்த வீட்டுத் திண்ணையை அப்பா தாண்டியதில்லை. பொருள், ஒரு குக்கர். கட்டர் மழுங்கியிருந்ததால் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்து ஒட்டினேன். பம்பாய் மில்களில் கூலி கூடுதலான நெசவுப் பிரிவில் நம்மவர்களைச் சேர்க்காததைப் பற்றி 1938இல் மன்மாடு ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் பேசினார். அறுந்த நூலை எச்சில் தொட்டு முடிய வேண்டும், அது தீட்டு என்பது அன்றைய காரணம். என் எச்சில் நேராக அவர்கள் அடுப்படிக்கே போகிறது! அன்று முழுக்கச் சிரித்தேன்.

அடுத்த வாரம் கழிவறை அடைத்துக்கொண்டது. சுத்தம் செய்கிறவர் வரவில்லை. சூப்பர்வைசர் நம்பரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. "தம்பி, எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார். சொன்னேன். பக்கெட்டைக் காட்டினார். பக்கத்தில் இருந்தவனிடமும் அதையே கேட்டார். பதிலைக் கேட்டதும் "நீ வேலையப் பாரு" என்றார்.

மறுத்தேன். இன்னும் இரண்டு பேர் என்னோடு நின்றார்கள். மறுநாள் வாசலில் எங்கள் அட்டைகள் வேலை செய்யவில்லை. கடிதம் எதுவும் தரவில்லை. கம்பெனியைக் கேட்டால் கான்ட்ராக்டரைக் கேள் என்றது. கான்ட்ராக்டர் கம்பெனியைக் காட்டினார்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கலாமா என்று வழக்கறிஞரிடம் போனோம். எந்தத் தேதி, எத்தனை மணி, யார் கேட்டது, கேட்டவரின் முழுப்பெயர் என்ன என்றார். சூப்பர்வைசரை நாங்கள் மூன்று வருடமும் 'சார்' என்றுதான் கூப்பிட்டிருக்கிறோம். இங்கே இரவில் குடோனுக்குப் போகிற மாணவர்கள் இருப்பீர்கள். அந்தப் பெயரை இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள்.